போகும்போது எங்கே என்று கேட்பதில்லை

எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் நான் குளித்ததை விட என் மகளுடைய கடல் சாமான்கள் குளித்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் களைத்து விழுந்து வருவாள். காரிலிருந்து பெரிய பையை இழுத்து வந்து தொட்டிக்குள் கவிழ்ப்பாள். "அம்மா, நான் பிறகு கழுவுறன், நீங்க தொடாதேங்கோ" என்பாள். சொல்லிவிட்டுச் சோபாவில் சாய்ந்தால் அப்படியே நித்திரை. நான் தொட்டியடியில் சின்ன ஸ்டூலைப் போட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு இருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடலுக்குத் தனியே போகிறவள் என்னென்னத்துக்குப் பயப்பட வேண்டும் என்று அந்தத் தொட்டியில்தான் படித்தேன். அதில் கிடந்த ஒவ்வொரு சாமானும், யாருக்கோ எப்போதோ நடந்து முடிந்த ஒரு கெடுதலை நினைத்துச் செய்தது.

தண்ணீர் புகாத முழு உடுப்பு ஒன்று இருந்தது. டிரைசூட் என்பாள். தோளும் நெஞ்சும் செம்மஞ்சள், காலெல்லாம் கறுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் வளையம். நனைத்துத் தூக்கிப் பிடித்தால் தலையில்லாத ஆள் மாதிரித் தொங்கும். முதல் தடவை அதைக் குளியலறைக் கம்பியில் கொழுவிவிட்டு, இரவு மறந்துபோய்க் கதவைத் திறந்து "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

"இந்தக் கழுத்து ரப்பர் ஏன் இவ்வளவு இறுக்கம்? மூச்சு முட்டாதே?" என்று கேட்டேன்.

"இறுக்கமா இருந்தாத்தான் அம்மா தண்ணி உள்ள வராது. உள்ள வந்தா உடுப்பு நிரம்பும். பிறகு நான் படகில ஏற ஏலாது."

பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். விசில் எதற்கு என்றால், "கத்த ஏலாமப் போனா." தலைக்கு மேலே மினுங்குகிற சின்ன விளக்கு எதற்கு என்றால், "இருட்டிப் போனா." மிதவைச் சட்டையின் நெஞ்சுப் பையில் ஒரு கை ரேடியோ இருக்கும். அதற்கும் விளக்கம் சொன்னாள். அவளுடைய விளக்கங்களில் எல்லாம் ஒரு "போனா" இருந்தது. நான் அதற்கு மேல் கேட்பதை நிறுத்திக்கொண்டு உப்பைக் கழுவினேன்.

என் மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கண் பரிசோதிக்கிற கடையில் வேலை. கலியாணம் ஒன்று நடந்தது, அது முடிந்தும் போனது. அவளுடைய தகப்பன் கண்ணை மூடிய பிறகு, வேலைத் தலத்துச் சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டு ஏரியில் கயாக் என்கிற ஒடுங்கின துடுப்புப் படகு ஓட்டப் போனாள். பிறகு ஒரு கூட்டத்தோடு கடலுக்குப் போனாள். பிறகு கூட்டத்தை விட்டுவிட்டாள்.

"ஏன் பிள்ளை, ஆக்களோட போனா என்ன?"

"ஆக்களோட போனா கதைக்க வேணும் அம்மா. படகில கதை, கரையில கதை, பிறகு கோப்பிக் கடையில போய் இருந்து கதை."

அந்தக் குணம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது. லண்டன் அப்டன் பார்க் கடைகளில் எங்கள் தமிழ் ஆட்கள்தான் நிற்கிறார்கள், இருந்தும் நான் வாய் திறந்து கேளாமல் கையால் காட்டித்தான் முருங்கைக்காய் வாங்குகிறவள். ஃபோன் அடித்தால் அது யாரென்று தெரிந்தாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் எடுப்பேன்.

எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவள். என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். என் வெட்கத்துக்கும் சேர்த்து அவள் கதைப்பாள். மகளுடைய படகு பக்கத்து ஒழுங்கைப் பாதையில், சுவரோடு இரண்டு பட்டியில் தொங்கும். மேலே மஞ்சள், கீழே வெள்ளை, ஆளை விட மூன்று மடங்கு நீளம். அது வந்த முதல் நாளே இவள் படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என்ன அக்கா, வாசலில பாடை கட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

"சும்மா இரும். நல்ல வாய் வையும்."

"நான் என்ன பொய்யே சொல்லுறன்? பிள்ளையை இன்னொருக்கா கட்டிக் குடுங்கோ எண்டு சொன்னன். நீங்க படகு வாங்கிக் குடுத்திருக்கிறீங்கள். ஒரு மனுசனோட மாரடிக்கிறது லேசு அக்கா, கடலோட மாரடிக்க ஏலாது."

மகள் அதைக் கேட்டுச் சிரித்தாள். "அன்ரி, மனுசனோட இருக்கேக்க எனக்கு ஒருத்தரும் மிதவைச் சட்டை தரேல்லையே" என்றாள். அவளுக்கு வாய் திறந்தால் இப்படித்தான். திறப்பதுதான் அபூர்வம்.

ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது புதிது இல்லை. வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறவரைப் பார்த்து "எங்கே போகிறாய்" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. படியிறங்கியவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. போகிறவரும் "போறன்" என்று சொல்லாமல் "வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போனாலும் பால் வாங்கப் போனாலும் எங்கள் வீட்டில் அதுதான். மகள் இங்கே படித்து வளர்ந்தவள், சாமி அறைப் பக்கம் வருடத்துக்கு இரண்டு தரம்தான் எட்டிப் பார்ப்பாள். ஆனால் இந்தப் பழக்கத்தை மட்டும் என்னை விட இறுக்கிப் பிடித்திருந்தாள். தகப்பன் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று யாரோ வாசலில் நின்று கேட்டுவிட்டார்கள் என்ற நினைப்பு அவளுக்கு.

தனியே கடலுக்குப் போகிறவர் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம். எங்கே இறங்குகிறேன், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று. உடுப்பை விட, ரேடியோவை விட அதுதான் பெரிய பாதுகாப்பு என்று மகளே சொன்னாள். அவளுக்குக் கரையில் இருக்கிற ஆள் நான்தான்.

வாசலில் கேட்கக் கூடாது, ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். அவள் "வாறன் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். கடற்கரையில் உடுப்பு மாற்றி, படகைத் தண்ணீரடிக்கு இழுத்த பிறகு ஃபோனில் பேசி அனுப்புவாள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சுணங்கும் என்பதால் குரல்தான் அனுப்புவாள். இந்த இடத்தில் இறங்குகிறேன், இத்தனை மணிக்குக் கரையேறி ஃபோன் அடிப்பேன், அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பார்த்தும் அடிக்காவிட்டால் கடலில் ஆளைத் தேடுகிற கோஸ்ட்கார்டைக் கூப்பிடுங்கள் என்று.

"செய்தி வராட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வராட்டி நான் இறங்கேல்லை எண்டு அர்த்தம். காத்துக் கூடவா இருந்தாத் திரும்பிடுவன். நீங்க பேசாம இருங்கோ."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. செய்தி வந்தால் பயம், வராவிட்டால் பயமில்லை. நாலைந்து வருடம் இந்த ஒழுங்கு ஒரு பிழையும் இல்லாமல் நடந்தது. நடந்தபடியால் அதைத் திரும்பி யோசித்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

போன மாரிக் குளிரில் ஒரு நாள் குசினிக்குள் வாளி நிறையத் தண்ணீர் விட்டு, ஃபிரீசரில் இருந்த ஐஸ் கட்டி முழுவதையும் அதற்குள் கொட்டினாள். இரண்டு கையையும் முழங்கை வரை அமுக்கிக்கொண்டு இருந்தாள். முகம் வெளுத்துப் போனது. மேல் வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி பிள்ளை, கையை உறைய வைச்சு விக்கப் போறியே?"

"பழகிறன் அன்ரி. குளிர் தண்ணியில விழுந்தா முதல் மூச்சுப் போகும். அப்ப நீந்தப் பாக்கக் கூடாது. மிதந்துகொண்டு மூச்சை ஊதி ஊதி விட வேணும், அது அடங்கும். அடங்கின பிறகு கை போகும். கை போக முதல் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்க வேணும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு கையே இல்லை."

வாளியிலிருந்து கையை எடுத்து மேசையில் கிடந்த மிதவைச் சட்டையின் நெஞ்சுப் பைச் சிப்பை இழுக்கப் பார்த்தாள். விரல்கள் இருந்தன, ஆனால் சொல்லுக் கேட்கவில்லை. சிப்பின் நுனியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்து இழுத்தாள். ரேடியோவை எடுத்து, முகத்தைக் குனிந்து நாடியால் பொத்தானை அமுக்கினாள். அமுங்கியது. "பாத்தீங்களே" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். மேல் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. கறிவேப்பிலையையும் மறந்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மகள் எனக்கு இன்னொன்றும் சொன்னாள். "உடம்பில கொழுவினது எனக்கு. படகில வைச்சது கடலுக்கு. படகு போனா அதில இருக்கிற எல்லாம் போகும் அம்மா." அதனால் ரேடியோ நெஞ்சில், விசில் தோளில், விளக்கு தொப்பியில். செயற்கைக்கோள் வழியாக ஆள் இருக்கிற இடத்தைக் காட்டுகிற அவசரக் கருவி ஒன்று இடுப்பில். சாப்பாடும் ஃபோனும் மட்டும் படகில். ஃபோனுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பை. அதை இருக்கைக்குப் பின்னால் இருக்கிற மூடிப் பெட்டிக்குள் கட்டிவிடுவாள். அந்தப் பையைத் துடைத்துக் காய வைக்கிறதும் நான்தான்.

இது நடந்தது மார்ச் மாதத்தில். குளிர் முறிந்து முதல் வெயில் அடித்த சனிக்கிழமை. ஒழுங்கையில் வெயில் விழுந்து படகின் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. எதிர் வீட்டுப் பிள்ளைகள் அரைக் கைச் சட்டையோடு விளையாடினார்கள். அப்படிப்பட்ட நாள்தான் மோசம் என்று மகளே முன்பு சொல்லியிருக்கிறாள். வெயில் மேலே. தண்ணீர் இன்னும் மாரியில்தான் இருக்கும், வருடத்திலேயே குளிர் கூடின தண்ணீர் அதுதானாம்.

இடுப்பில் கட்டுகிற அவசரக் கருவி அன்று வீட்டில் இல்லை. பட்டரி மாற்ற அனுப்பியிருந்தாள், இன்னும் வரவில்லை. அதை நானும் அறிவேன். அவளும் அந்தப் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரையோடதான் அம்மா, தூரம் போகேல்லை" என்று கேட்காமலே சொன்னாள்.

படகைக் கார் மேலே கட்டினாள். நான் சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இண்டைக்கு உங்களுக்குச் சேறு கழுவுற வேலை இல்லை. வாறன் அம்மா."

எங்கே என்று நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதில்லை.

மத்தியானம் வரை செய்தி வரவில்லை. இறங்கவில்லை என்று நினைத்து ஆறுதலாகச் சமைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறியும் மீன் பொரியலும். திரும்பி வருகிறவள் பசியோடு வருவாள் என்று அரிசியைக் கூடப் போட்டேன்.

மூன்று மணி போல் வெயில் மங்கியது. கொடியில் போட்ட துணி முதலில் மெல்ல ஆடியது, பிறகு முறுகிச் சுற்றிக்கொண்டது. காற்றுக் கிழக்கிலிருந்து வந்தது. துணியை எடுக்கப் போன இடத்தில், சுவரில் வெறுமனே தொங்கின அந்த இரண்டு பட்டியும் காற்றில் அடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் எனக்குள் ஏதோ இடறியது. இறங்காதவள் ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை?

ஃபோன் அடித்தேன். மணி அடிக்கவே இல்லை. நேரே அந்த ஆங்கிலக் குரலுக்குப் போனது. பிறகும் அடித்தேன். அதே குரல்.

மேலே போய்க் கதவைத் தட்டினேன். மேல் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"செய்தி வந்ததே?"

"இல்லை."

"அப்ப இறங்கேல்லை. அதுதானே உங்கட கணக்கு? எங்கயாவது கடையில இருந்து கோப்பி குடிப்பாள்."

"அவள் கடையில இருக்க மாட்டாள்."

என் மகள் தனியே கோப்பிக் கடையில் இருக்கிற ஆள் இல்லை என்று அவளுக்கும் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, கோஸ்ட்கார்டுக்கு அடிப்பம்" என்றாள்.

"ஒண்டும் இல்லாட்டி? அவள் கார் பழுதாகி நிண்டா? ஊரைக் கூட்டினது எண்டு என்னோட கோவிப்பாள்."

"கோவிக்கட்டும். கோவிக்கிறதுக்கு ஆள் இருந்தாக் காணும்."

தான் கதைக்கிறேன் என்று ஃபோனைப் பிடித்தாள். ஆனால் பதற்றத்தில் அவளுக்கு ஆங்கிலத்துக்குள் ஜெர்மன் வந்து விழும். இரண்டு சொல் சொல்லிவிட்டு மூன்றாவதில் தடுக்கி நின்றாள். நான் கையை நீட்டி வாங்கினேன். மகள் என்னை இதற்குப் பழக்கியிருந்தாள். குசினியில் நிற்க வைத்து, "பொலிஸ் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, கோஸ்ட்கார்ட் எண்டு கேளுங்கோ" என்று சொல்லித் தந்திருந்தாள். அப்போது நான் வெட்கத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சொன்ன சொற்கள் இப்போது ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. என் மகள். கயாக். தனியே. திரும்பி வரவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். அவசரப்படாத குரல். முதலில் கேட்டது, எங்கே இறங்கினாள் என்று.

"தெரியாது" என்றேன்.

எந்தக் கடற்கரை, எந்த ஊர்ப் பக்கம், ஏதாவது சொன்னாளா?

"நான் கேட்கவில்லை" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். ஏன் கேட்கவில்லை என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மொழியில் அதைச் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை.

படகு என்ன நிறம்? மேலே மஞ்சள், கீழே வெள்ளை. உடுப்பு? செம்மஞ்சளும் கறுப்பும், தண்ணீர் புகாதது, கழுத்தில் ரப்பர். உள்ளே என்ன போட்டிருந்தாள்? கம்பளி, இரண்டு தட்டு, சாம்பல் நிறம். ரேடியோ இருக்கிறதா? நெஞ்சில், இடது பக்கப் பை. அவசரக் கருவி? இல்லை, பட்டரி மாற்றக் கொடுத்திருக்கிறது. துடுப்பு? கறுப்பு, இரண்டு முனையிலும் வெள்ளிப் பட்டி, விளக்குப் பட்டால் மினுங்கும். அந்தப் பட்டியை ஒட்டினது நான். அவளுடைய உடம்பில் இருந்த எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். சாவு வீட்டில் உடுப்பாட்டுகிற போது சொல்வது மாதிரி எனக்கே கேட்டது. எல்லாம் தெரிந்திருந்தது. இடம் ஒன்றுதான் தெரியவில்லை.

வேறு ஏதாவது சொன்னாளா, சின்ன விஷயமாக இருந்தாலும் சரி என்றாள் அந்தப் பெண்.

"இன்றைக்குச் சேறு இல்லை என்றாள்."

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. எசெக்ஸ் பக்கம் போய் வந்தால் தொட்டியில் சாம்பல் நிறச் சேறு அடையும், கழுவக் கழுவ வரும். கென்ட் பக்கம் போய் வந்தால் வெள்ளைப் பொடிதான், சோக்குக் கட்டி மாதிரி. அங்கே கடலோரம் முழுக்க வெள்ளை மலை. அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வேலை குறைவு என்ற சந்தோஷத்தில் சொன்னது.

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். காரின் நிறத்தையும் நம்பரில் எனக்கு ஞாபகமிருந்த எழுத்துகளையும் கேட்டாள். அந்தப் பக்கத்துக் கார் நிறுத்துமிடங்களைப் பார்க்க ஆட்களை அனுப்புவதாகச் சொன்னாள். நீளமான கரை, நேரம் எடுக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

நாங்கள் முன் அறையில் இருந்தோம். மேல் வீட்டுக்காரி ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு போனது. சமைத்த சோறு மூடியபடி இருந்தது.

அப்போது என் ஃபோன் டிங் என்றது.

மகளுடைய படம். குரல் செய்தி.

"வந்திட்டுது! நான் சொன்னனானே! வந்திட்டுது அக்கா!" மேல் வீட்டுக்காரி எழும்பி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நான் அமுக்கினேன்.

"அம்மா, இஞ்ச என்ன வெயில் தெரியுமே. கண்ணே கூசுது." பின்னால் கடற்பறவைகள் கத்தின. அவள் வெள்ளை மலை இருக்கிற ஒரு குடாவின் பெயரைச் சொன்னாள். அங்கே இறங்கி மலையடியால் கிழக்கே போய்த் திரும்புகிறேன் என்றாள். "மூண்டு மணிக்கு ஏறி அடிப்பன். மீன் பொரிச்சு வையுங்கோ. வாறன்."

மேல் வீட்டுக்காரி கைகளைக் கூப்பினாள். நான் யன்னலைப் பார்த்தேன். வெளியே வெயில் இல்லை. மூன்று மணியும் எப்போதோ போய்விட்டது. இது காலைக் குரல்.

உடனே அவளுக்கு அடித்தேன். இந்த முறை மணி அடித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அது அங்கே எங்கேயோ அடித்தது.

"கை ஈரமா இருக்கும் அக்கா, எடுக்கேலாமல்…" என்றாள் மேல் வீட்டுக்காரி.

நான் அந்தக் கண்ணாடிப் பையை நினைத்தேன். இருக்கைக்குப் பின்னால் கட்டியிருக்கும். காலையில் மலையடியில் சிக்னல் இல்லாமல் செய்தி ஃபோனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அது போய்விட்டது என்று நினைத்து அவள் இறங்கியிருக்கிறாள். இப்போது ஃபோன் மலையை விட்டு வெளியே, சிக்னல் பிடிக்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. ஃபோன் வந்தால் படகு வந்திருக்கிறது. படகில் அவள் இருந்தால் ஃபோனை எடுப்பாள். படகில் வைத்தது கடலுக்கு.

அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினது அவள் இல்லை.

கோஸ்ட்கார்ட் பெண்ணுக்குத் திரும்ப அடித்தேன். குடாவின் பெயரைச் சொன்னேன். பிறகு, "ஃபோன் படகில். அவள் ஃபோனோடு இல்லை" என்றேன். அந்தப் பெண், விளங்குகிறது என்றாள். இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாகக் கதைக்கத் தொடங்கினாள். அந்த அன்பை நான் விரும்பவில்லை.

முதலில் வந்த தகவல் படகைப் பற்றியது. கரையிலிருந்து தூரத்தில், வெள்ளைப் பக்கம் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடந்ததாம். ஆள் இல்லை. அதைக் கேட்ட பிறகு நாங்கள் விளக்குப் போடவில்லை. போட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த தகவல் வரும்வரை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மேல் வீட்டுக்காரிதான் எடுத்துக் கேட்டாள். கேட்டவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள். "உயிரோட, அக்கா. உயிரோட" என்றாள்.

மலையடியில் ஒரு கல் தட்டில் இருந்திருக்கிறாள். தண்ணீர் ஏறிக்கொண்டு வந்து காலைத் தொட்டுவிட்டதாம். ரப்பர் படகில் போனவர்கள் விளக்கடித்துத் தேடினபோது, கல்லுக்கு நடுவில் செருகி நிறுத்தியிருந்த துடுப்பின் வெள்ளிப் பட்டி மினுங்கியிருக்கிறது.

என்ன நடந்தது என்பதை அவள் பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். மலையில் மோதித் திரும்பின அலை ஒன்று பக்கத்தால் வந்து கவிழ்த்தது. படகோடு உருண்டு நிமிரப் பார்த்தாள், சரிவரவில்லை. வெளியே வந்தபோது தொப்பியும் அதிலிருந்த விளக்கும் போய்விட்டன, மூச்சு அடங்கும் வரை மிதந்தாள். துடுப்பு முனையில் காற்றுப் பையை மாட்டி அதில் ஊன்றி ஏறுவது அவளுக்குக் கைவந்த வேலை. பையின் வாரைக் கட்டக் கையுறையைக் கழற்றினாள். அதுதான் பிழை என்றாள். கையுறை போனது, விரல் போனது, அடுத்த அலையில் படகும் போனது. துடுப்பு மட்டும் மணிக்கட்டில் கயிற்றோடு இருந்தது. காலை அடித்து மலையடிக்கு வந்து கல் தட்டில் ஏறின பிறகு, நெஞ்சுப் பையின் சிப்பை இரண்டு மணிக்கட்டாலும் இழுத்து ரேடியோவை எடுத்தாள். எடுத்த ரேடியோ கையில் நிற்கவில்லை. கல்லிடுக்கில் விழுந்து தண்ணீருக்குள் போனது.

"வாளிக்குள்ள செய்தனான் அம்மா" என்றாள், சின்னப் பிள்ளை முறையிடுவது மாதிரி. "வாளிக்குள்ள சரியா வந்தது."

"வாளிக்குள்ள அலை இல்லைப் பிள்ளை" என்றேன்.

விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊதினாளாம். மேலே மலையில் நடந்து போன ஒருவருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு காற்று. செய்தி போயிருக்கிறது, அம்மாவுக்கு இடம் தெரியும், இப்போது வருவார்கள் என்று நம்பித்தான் அங்கே இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்பதை அவளிடம் சொல்ல எனக்குப் பல நாள் எடுத்தது. சொன்னபோது அவள் நெடுநேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அவள் கடலை விட்டுவிடுவாள் என்று மேல் வீட்டுக்காரி நினைத்தாள். நான் நினைக்கவில்லை. வெயில் காலம் முடிந்து குளிர் தொடங்கின ஒரு காலையில், படகு திரும்பவும் கார் மேலே ஏறியது. புது ரேடியோவுக்கு ஒரு கயிறு, அது சட்டையோடு தைத்தது. கருவி இடுப்பில். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாறன் அம்மா."

"எங்க போறாய்?" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வாசலில் வைத்து வந்தது அதுதான் முதல் தடவை. படியில் நின்ற மேல் வீட்டுக்காரி, "ஐயோ அக்கா!" என்று தலையில் கை வைத்தாள்.

சகுனம் பிழைத்தால் எங்கள் ஆட்கள் செய்கிறதை மகள் செய்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தாள். கதிரையில் இருந்தாள். நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள். பிறகு சொன்னாள், இறங்குகிற இடம், போகிற பக்கம், ஏறுகிற நேரம். நான் திருப்பிச் சொன்னேன். பிழையாகச் சொன்ன இடத்தில் திருத்தினாள்.

"செய்தி வராட்டி?" என்று கேட்டேன்.

"வராட்டி நான் தண்ணிக்குள்ள எண்டு நினையுங்கோ."

இப்போது ஒவ்வொரு முறையும் இப்படித்தான். நான் கேட்கிறேன், அவள் திரும்பி வந்து இருக்கிறாள், ஒரு மிடறு குடிக்கிறாள். மிச்சத் தண்ணீரை நான் ஊற்றுவதில்லை. தம்ளர் முன் அறை யன்னலில் இருக்கும். ஒழுங்கையில் அந்த இரண்டு பட்டியும் காற்றில் அடிக்கும். அவள் வந்து, பையைத் தொட்டிக்குள் கவிழ்க்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அதை எடுத்து ஊற்றுகிறேன்.

இன்றைக்கும் யன்னலில் தம்ளர் இருக்கிறது. பக்கத்தில் ஃபோன். காலையில் செய்தி வந்தது, காற்றில்லை என்று சொன்னாள். சொன்ன நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மீனை உப்புப் போட்டுப் பிரட்டி வைத்திருக்கிறேன், இன்னும் பொரிக்கவில்லை.